குரல் வெந்து வரும் நேரம்

இன்னும் நான் அந்த விசையை அழுத்தவில்லை. நீலத் திரையில் முப்பத்தாறு என்று ஒரு எண் இருக்கிறது, அதன்மேல் மஞ்சள் பட்டை விழுந்து கிடக்கிறது, முப்பத்தாறை முப்பத்தேழாக்க வேண்டும், அவ்வளவுதான், ஒன்றைக் கூட்டுவதற்கா உள்ளங்கை இப்படி வேர்க்கிறது. கம்ப்யூட்டரின் பிராசசருக்குள் ஒரு கடிகாரம் துடிக்கிறதாம். செய்தவர்கள் அதற்கு ஒரு வேகம் வைத்து அனுப்பியிருக்கிறார்கள், இந்த முப்பத்தாறு அதுதான், அதற்கு மேலும் அதால் துடிக்க முடியுமாம், துடித்தால் கணக்கைச் சீக்கிரம் போடும், ஆனால் சூடாகும், சூடு தாங்காவிட்டால் நின்றுவிடும், எப்போதாவது ஒன்று நின்றது நின்றதுதான், எழுந்திருக்காது. ஓவர்கிளாக் என்கிறார்கள். "மனுசங்க மாதிரியேதானுங்கத்தை" என்று போனில் சொல்லிவிட்டு நவீனா சட்டென்று நிறுத்திக்கொண்டாள், நிறுத்திக்கொண்டதுதான் எனக்குக் கேட்டது, சொன்னது கேட்கவில்லை. நவீனா என் தம்பி மகள், கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை, இந்த வீட்டில் இப்போது கேட்கிற என் கணவரின் குரலைச் செய்து கொடுத்தவள் அவள்தான். அவர் அங்கே ஜன்னலோரம் பிரம்பு நாற்காலியில் செய்தித்தாளை விரித்துப் பிடித்திருக்கிறார். வெகுநேரமாகப் பக்கம் திருப்பவில்லை. ஆடிக் காற்று தாளின் மேல் விளிம்பை மடக்கி மடக்கி அவர் நெற்றியைக் காட்டுகிறது, மூடுகிறது, காட்டுகிறது. என்ன செய்கிறாய் என்று காலையில் புருவத்தைத் தூக்கிக் கேட்டார். தூசி தட்டுகிறேனுங்க என்றேன். உடுமலைப்பேட்டையில் ஆடி மாதம் தூசி தட்டுகிறவளை யாராவது நம்புவார்களா, தட்டத் தட்ட அடுத்த வண்டி தூசி வந்து இறங்கும். அவர் நம்பவில்லை. நம்பாததைச் சொல்ல முன்பென்றால் அவருக்கு அரை நொடி போதும்.

அரை நொடி கூட ஆகாது. நான் வாக்கியத்தை முடிப்பதற்குள் பதில் வந்து என் வாயிலேயே முட்டும். கல்யாணமான புதிதில் ஒருநாள், நான் ஒரு வார்த்தை சொன்னா நீங்க கோவிச்சுக்கக் கூடாது என்று ஆரம்பித்தேன், "ஒரு வார்த்தையோட நிறுத்திட்டீன்னா ஊருக்கே கறிச்சோறு போடறேன் அம்முணி" என்றார், என் மாமியார் முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அவருக்கு வேலைக்குக் கூட்டுறவு வங்கி, ஞாயிற்றுக்கிழமை ரேக்ளா மாட்டுவண்டிப் பந்தய மைதானம். அங்கே அறிவிப்பு அவர்தான், சென்னியப்பன் மைக்கைப் பிடித்தால் மாடுகள் காதை நிமிர்த்தும் என்பார்கள். வண்டி கிளம்பும் இடத்தில் தூசி எழும்போதே, வர்றாங்க வர்றாங்க வர்றாங்க, ஓரம் போங்க சாமி, கயித்துக்கு வெளிய நில்லுங்க, காளை உங்க மூஞ்சியப் பாக்க வரல என்று மூச்சு விடாமல். மூச்சு விடுகிற வழியையே இப்போது மாற்றி வைத்துவிட்டார்கள். தொண்டையில் புற்று, குரல்பெட்டியை எடுத்தாயிற்று, கழுத்துக் குழியில் ஒரு துளை, அதன்மேல் நான் தைத்த வெள்ளைத் துணி. காற்று அதன் வழியே போய் வருகிறது, துணி மெல்ல உப்பும், அமுங்கும். அவர் டைப் அடிப்பதைப் படிக்க போனில் ஒரு பெண்குரல் இருந்தது, செய்தி வாசிக்கிறவள் போல, அவள் "மரகதம், வெந்நீர் வை" என்றபோது நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அப்புறம்தான் நவீனா யார்யாரிடமோ பந்தய வீடியோக்களை வாங்கி, அதிலிருந்து குரலைப் பிரித்து, அதை இந்தப் பழைய கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுத்தாள். அவர் டைப் அடிப்பார், இது அவர் குரலில் பேசும். ஆனால் இதற்குத் தெரிந்ததெல்லாம் மைதானத்துக் குரல்தான். தண்ணி வேணும் என்று அடித்தால் தண்ணீர் இரண்டு காளை பூட்டிக்கொண்டு வருகிற மாதிரி சொல்லும். முதல்முறை கேட்டு மூன்று பேரும் சிரித்தோம். அவர் சிரிப்பில் இப்போது ஓசை இல்லை, தோள் மட்டும் குலுங்கும், சிரிப்பா இருமலா என்று முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

தாமதம்தான். அடித்து முடித்த பிறகு இது யோசிக்கும், விசிறி இரையும், ஒரு வாக்கியத்துக்கு ஒரு நிமிடத்துக்குக் கிட்ட ஆகும். குரல் வேகுது என்று அவர்தான் பெயர் வைத்தார். ரசத்தில் புளி தூக்கலா இருக்குதுங்களா என்று கேட்டுவிட்டு, பால்காரன் வராததைச் சொல்லி, கரண்ட் போகும் என்று சொல்லி, கொடியில் துணி காய்ந்திருக்குமா என்று நான் வேறு எங்கோ போயிருப்பேன், அப்போது மூலையிலிருந்து "புளியந்தோப்பே உள்ள இருக்குது!" என்று முழங்கும். நான் சிரிப்பேன். ஆனால் எதற்கு என்று ஒரு கணம் தேடிவிட்டுச் சிரிப்பேன், அவர் அந்தத் தேடலைப் பார்த்துக்கொண்டிருப்பார். காலம் தவறிச் சிரித்தால் சிரிப்பு மரியாதை ஆகிவிடுகிறது. கொஞ்சம் கொஞ்சமாக அடிப்பது குறைந்தது. இப்போது தண்ணீருக்குக் கட்டைவிரல், மருந்துக்கு உள்ளங்கையில் ஒரு தட்டு, என்னைக் கூப்பிட இரண்டு கைதட்டல். இந்த மாதம் முழுக்க இந்தக் கம்ப்யூட்டர் அவர் குரலில் எத்தனை வாக்கியம் பேசியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே பயமாக இருக்கிறது. புதுசாக வேறு நல்லதாக வாங்கலாம் என்றேன். வேண்டாம், இருக்கறதே சும்மா கெடக்குது என்று அடித்தார். அந்த வாக்கியத்தைக் கூடப் பந்தயம் போல்தான் சொல்லிற்று. அதனால்தான் இன்று இந்த வேலை. தாமதம் குறைந்தால் அவர் பேசுவார். எனக்கு நானே சொல்லிக்கொண்டிருப்பது இதைத்தான், தாமதம் குறைந்தால் பேசுவார், குறைந்தால் பேசுவார். இதற்கு அடியில் இன்னொன்று கிடக்கிறது, அதைத் தொடாமல் சுற்றிச்சுற்றி வருகிறேன், தாமதம் குறைந்தும் அவர் பேசாவிட்டால். குற்றம் பிராசசர் மேல் இருக்கிற வரைக்கும் வீடு வீடாக இருக்கிறது. அழுத்து மரகதம். முப்பத்தேழு. அழுத்திவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை, எண் மாறியது, அவ்வளவுதான். ஒன்றால் என்ன ஆகிவிடப் போகிறது, ஒரு நிமிடத்தில் கண் இமைக்கிற நேரம் குறையுமா. முப்பத்தெட்டு. விரல் தானாக அழுத்துகிறது. நான் வேலை பார்த்த கல்லூரியில் வேதியியல் ஆய்வகத்தில் பியூரெட் குழாயைத் திருகிக்கொண்டு நிற்கிற பெண்களிடம் எத்தனை வருடம் சொல்லியிருப்பேன், சொட்டுச் சொட்டா விடு பிள்ளே, நிறம் மாறறதுக்கு ஒரு சொட்டுப் போதும், கூடிப்போனா திரும்ப எடுக்க முடியாது என்று. நாற்பது. நாற்பத்திரண்டு. நாற்பத்தைந்து. சேமித்து வெளியேறவா என்று கேட்கிறது. ஆம்.

கறுப்பு. இது சாதாரணக் கறுப்பு, எழுந்து வருவதற்கு முந்தைய கறுப்பு. இல்லை. விசிறி சுற்றுகிறது, நிற்கிறது. மறுபடி சுற்றுகிறது, நிற்கிறது. மூச்சுத் திணறுகிறவர் எழுந்து உட்கார்ந்து மறுபடி சாய்வதைப் போல, நான் அதைப் பார்த்திருக்கிறேன், ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில், பார்க்காதே என்று இவர் என் கையைத் தட்டினார், அன்றைக்கு இவருக்குக் குரல் இருந்தது ஆனால் கையைத்தான் தட்டினார். கைதட்டல். இரண்டு. இப்போதுதான், நிஜமாகத்தான் தட்டுகிறார். ஒண்ணுமில்லீங்க, ஒண்ணுமில்லீங்க. போனில் நவீனாவின் எண் எங்கே, கண்ணாடி எங்கே, தலைமேல் இருக்கிறது. "எத்தனை வெச்சீங்கத்தை?" "நாப்பத்தஞ்சு கண்ணு." "நாப்பத்… அத்தை! ஒவ்வொண்ணா ஏத்தோணும்னு எத்தனை தடவை சொன்னேன். சாம்பாருக்கு உப்புப் போடற மாதிரி அள்ளிப் போட்டுட்டீங்களா?" "சாம்பாருக்கு நான் அள்ளியா போடறேன்?" "உங்க சாம்பாரை நான் சாப்பிட்டிருக்கறேனுங்க." எனக்குச் சிரிப்பு வரவில்லை. குரல் போச்சா சாமி, அதை மட்டும் சொல்லு. "குரல் டிஸ்க்ல பத்திரமா இருக்குதுங்கத்தை. பிராசசர்ல இல்ல. பயப்படாதீங்க. கரண்டைப் புடுங்குங்க. மதர்போர்டுல பொட்டு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், அதைக் கழட்டிச் சித்த நேரம் வெச்சுட்டு மறுபடி மாட்டுங்க. எல்லாத்தையும் மறந்துட்டுப் பழைய மாதிரி எந்திரிக்கும்." எல்லாத்தையும் மறந்துட்டா. "வேகத்தைத்தான் அத்தை, குரலை இல்ல." பிளக்கைப் பிடுங்குகிறேன். குரல் டிஸ்க்கில் இருக்கிறது, எனக்குத் தெரியும், புரிகிறது, ஆனால் பிராசசர் எழாமலே போய்விட்டால். இந்தப் போர்டுக்குப் பொருந்துகிற பிராசசர் இப்போது கடைகளில் வருவதில்லை என்று அவள்தான் முன்பு சொன்னாள். தேடிப் பிடிப்பதற்குள் அவர் பேச்சையே மறந்துவிட்டால், பேசுகிற ஆசையை. பக்கவாட்டுத் தகட்டைக் காலையிலேயே கழற்றி வைத்திருக்கிறேன், உள்ளே இருட்டு, பேட்டரி ஒரு பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது, நகம் போகவில்லை. தாலிக்கொடியில் கோத்திருக்கிற ஊக்கை எடுக்கிறேன், வளைத்து நிமிர்த்துகிறேன். அப்போது என் தோளுக்கு மேலிருந்து வெளிச்சம் விழுகிறது. டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். எப்போது எழுந்தார், செருப்பில்லாத பாதம், ஓசையில்லை. கழுத்துத் துணி என் காதுக்கருகே உப்பி அமுங்குகிறது, அந்தக் காற்றில் மருந்து வாசனை. வெளிச்சம் ஆடவில்லை. ஊக்கு நுனி நெம்ப, பேட்டரி துள்ளி என் மடியில் விழுந்தது. அவரைத் திரும்பிப் பார்க்கிறேன், தோள் குலுங்குகிறது, சிரிப்பா இருமலா, டார்ச் வெளிச்சம் கண்ணில் அடிப்பதால் முகம் தெரியவில்லை. தூசி தட்டறேனுங்க என்றேன். வெளிச்சம் மேலும் கீழும் ஆடிற்று. சிரிப்புத்தான்.

பேட்டரியை மறுபடி மாட்டியதும் எழுந்துவிட்டது. நீலத் திரை, மஞ்சள் பட்டை, முப்பத்தாறு, ஒன்றுமே நடக்காத முகம். அவர் நாற்காலிக்குத் திரும்பிவிட்டார், தாளை எடுக்கவில்லை. இந்த முறை முப்பத்தெட்டு. அங்கிருந்து முப்பத்தொன்பது. ஒவ்வொரு முறையும் அணைந்து எழும் வரை மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன், அவருக்கு மூச்சைப் பிடித்துக்கொள்ளக்கூட முடியாது, மூக்கை மூடினாலும் கழுத்தில் போய்க்கொண்டிருக்கும். நாற்பது. தாங்குகிறது. நாற்பத்தொன்றில் எழுந்து பாதியில் விழுந்தது, மறுபடி நாற்பது. நாற்பதோடு போதும். இப்போது சோதனை, அரைமணி நேரம் பிராசசரை ஓட ஓட விரட்ட வேண்டும், அதில் விழாவிட்டால் அன்றாட வேலையில் விழாது என்கிறாள் நவீனா. திரையின் மூலையில் சூடு. அறுபத்தெட்டு, எழுபத்தைந்து, எழுபத்தொன்பது. தொண்ணூறைத் தாண்டினால் நிறுத்திவிட வேண்டும். எண்பத்திரண்டு. காற்று ஜன்னல் வழியே வந்து கம்ப்யூட்டரின் திறந்த விலாவில் நுழைகிறது, நல்லது, எண்பத்தொன்று, ஆனால் இதே காற்று எங்காவது தென்னை மட்டையைக் கொண்டுபோய் மின்கம்பியில் போடும், கரண்ட் போகும், பாதி ஓட்டத்தில் நின்றால் என்ன ஆகும் என்று கேட்க மறந்துவிட்டேன். ஜன்னலுக்கு வெளியே காற்றாலைகள் ஒன்றன் பின்னால் ஒன்றாகச் சுற்றுகின்றன, எதையும் வேகப்படுத்தவோ நிறுத்தவோ யாரும் அங்கே நிற்பதாகத் தெரியவில்லை. எண்பத்து நான்கு. ஆய்வகத்தில் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்குப் பிடித்த வேலை. பெண்கள் எல்லாம் பேசிக்கொண்டிருப்பார்கள், பாதரசம் மட்டும் பேசாமல் ஏறும். இவர் பேசாமல் இருப்பதை எத்தனை விதமாக எண்ணிப் பார்த்தாயிற்று. தாமதம் என்று ஒரு நாள். அந்த மைதானத்துக் குரல் என்று ஒரு நாள், வலிக்கிறது என்பதைக் கொண்டாட்டமாகச் சொல்கிற குரலை எவர் வைத்துக்கொள்வார். மூன்றாவது நாள் என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லை என்று. கேலி பேசியே ஒரு வாழ்க்கை ஓடிவிட்டது, கேலியை எடுத்துவிட்டால் எங்களுக்கு நடுவில் என்ன மிச்சம் என்று அவரும் தொட்டுப் பார்த்திருப்பார், தட்டுப்பட்டிருக்காது. எண்பத்தேழு. போதும், நிறுத்திவிடலாம். நிறுத்தினால் பழைய வேகம், பழைய தாமதம், அவரும் நானும் ஆளுக்கொரு காரணத்தோடு நிம்மதியாக இருக்கலாம். எண்பத்தேழு. எண்பத்தேழு. எண்பத்தாறு. அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரா எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரா. எண்பத்தெட்டு. இது விழுந்துவிட வேண்டும் என்று ஒரு கணம் நினைத்தேன். நினைத்தது யார், நான்தான், எண்பத்தெட்டு, எண்பத்தாறு, எண்பத்தாறு. சோதனையின் பச்சைப் பட்டை கடைசிவரை போய் நின்றது. பிழை ஏதும் இல்லை என்று எழுத்து வந்தது. விசிறி தணிந்தது. அறையில் காற்று மட்டும்.

இனி தள்ளிப்போட ஒன்றும் இல்லை. "ஏனுங்க," என்கிறேன், "இதை ஒருக்காப் பாருங்க, எதையாச்சும் அடிங்க." அவர் எழுந்து வருகிறார். நான் நாற்காலியை விட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துகொள்கிறேன். கண்ணாடியைத் துடைக்கிறார், அவசரமே இல்லை, முன்பு மைக்கையும் இப்படித்தான் துண்டு நுனியால் ஒருமுறை துடைப்பார். இரண்டு விரலால் அடிக்கிறார். அதிகமில்லை, சில சொற்கள். அடித்து முடித்து விசையைத் தட்டியதும் விசிறி இரையத் தொடங்குகிறது. நான் எழுந்திருக்கிறேன். குரல் வேகிற நேரத்தில் நான் எப்போதும் எழுந்துவிடுவேன். கொடியில் துணியை எடுக்கவோ, பாலைப் பார்க்கவோ, எதற்காவது. எதிரே உட்கார்ந்து வாயைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவருக்குச் சங்கடம், காத்திருக்கிறாளே என்று இருக்கும், அதனால் போய்விடுவேன், எங்கிருந்தாலும்தான் கேட்குமே, அந்தக் குரல் அடுப்படிக்கும் கொல்லைக்கும் கேட்கும். முதல் மாதத்திலேயே பழகிய பழக்கம். அரிசி ஊற வைக்க வேண்டும், ஊற வைக்கலாம். வாசல்படியில் ஒரு கால் வைத்திருக்கிறேன், திரைச்சீலை காற்றில் முகத்தில் அடிக்கிறது, அதை விலக்கக் கையைத் தூக்குகிறேன். "எந்திரிச்சுப் போகாதே அம்முணி!" மைதானத்துக் குரல். கயிற்றுக்கு வெளியே ஆயிரம் பேர் நிற்கிற குரல். கை அப்படியே நின்றது. பழைய வேகம் என்றால் குரல் வருவதற்குள் நான் அரிசிப் பானைக்குள் கையை விட்டிருப்பேன், அங்கே கேட்டிருக்கும், போகாதே என்பது போனவளுக்குக் கேட்டிருக்கும். நான் எழுந்திருப்பதற்கு முன்னாலேயே அடித்தது இது. எழுந்திருப்பேன் என்று தெரிந்து அடித்தது. திரும்பிப் பார்க்கிறேன். அவர் திரையைப் பார்க்கவில்லை, வாசல்படியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார், எத்தனை மாதமாக வாக்கியம் முடியும்போது இந்த வெறும் வாசல்படியைப் பார்த்திருப்பார். இவர் அடித்துவிட்டு நிமிர்ந்தால் என் முதுகு. குரல் வருகிறபோது திரைச்சீலை. "நீங்க சங்கடப்படுவீங்கன்னுதானுங்க" என்கிறேன், அது பாதியில் நின்றுவிட்டது, அவர் கட்டிலைக் காட்டுகிறார். வந்து உட்கார்கிறேன்.

மறுபடி அடிக்கிறார். இந்த முறை கொஞ்சம் நீளம். இடையில் நிறுத்தி என்னை ஓரக்கண்ணால் பார்க்கிறார், பாடம் எழுதுகிற பையன் மாதிரி கையால் திரையை மறைக்கிறார், மறுபடி அடிக்கிறார். விசையைத் தட்டிவிட்டு நாற்காலியை என் பக்கம் திருப்பி உட்கார்ந்துகொண்டார். விசிறி இரைகிறது. மூலையில் சூடு ஏறிக்கொண்டிருக்கும், நான் பார்க்கவில்லை. எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. கையை மடியில் வைத்தேன், எடுத்தேன், சேலைத் தலைப்பைச் சுருட்டினேன். இவ்வளவு பக்கத்தில் ஒன்றும் செய்யாமல் இருவரும் உட்கார்ந்திருந்து எத்தனை காலம். ஆஸ்பத்திரியில் கூட நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். புருவத்தில் ஒரே ஒரு முடி மட்டும் நீண்டு வெள்ளையாக வளைந்திருக்கிறது, இதை எப்போது வளர்த்தார். கன்னம் ஒட்டியிருக்கிறது. கழுத்துத் துணி உப்புகிறது, அமுங்குகிறது, நூல் ஒரு ஓரத்தில் பிரிந்திருக்கிறது. கண்களில் அந்தப் பழைய குறும்பு இருக்கிறதா, தேடுகிறேன், அவர் உதட்டை இறுக்கி வைத்திருக்கிறார், வரப்போவது என்னவென்று அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது, அந்தச் சின்ன லாபம் அவருக்கு எவ்வளவு பிடித்திருக்கிறது. இன்னும் வேகிறது. நாற்பதில் ஓடியும் அப்படியொன்றும் பிரமாத வேகம் இல்லைதான், நவீனாவிடம் சொல்ல வேண்டும், சொல்ல வேண்டாம். எழுந்திருக்கக் கால் துடிக்கிறது. உட்கார் மரகதம். அவர் முகத்தையே பார்க்கிறேன், வேறு வழியில்லை, அவர் முகத்தையே. அப்போது மூலையிலிருந்து, தூசியைக் கிளப்பிக்கொண்டு, "இப்ப நீ என்ற மூஞ்சியவே உத்து உத்துப் பாத்துட்டிருப்பே, நானேதான் சாமி, வேற ஆளில்லே, பயந்துக்காதே, அந்தப் புருவ முடிய மட்டும்" என்று வந்துகொண்டிருக்கிறது, இன்னும் வந்துகொண்டிருக்கிறது, வாக்கியம் எல்லைக் கயிற்றைத் தொடுவதற்குள் நான் சிரித்துவிட்டேன், சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடக்கியும் அடங்காமல். நான் சிரித்து முடிக்கவில்லை, அவர் அதற்குள் விசைப்பலகைப் பக்கம் திரும்பி அடுத்ததை அடிக்கத் தொடங்கிவிட்டார்.